இரண்டு பட்டை ஒட்டிய வீடு

கண் தெரியாதவர்கள் எல்லாரும் தைரியசாலிகள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. என் அறைத்தோழியைப் பார்க்கிறவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் "உன் தைரியம் யாருக்கும் வராதும்மா" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதே இல்லை. பல்லிக்குப் பயம், பல் டாக்டருக்குப் பயம், லிப்டுக்குப் பயம், குக்கர் விசிலுக்குப் பயம். மூடி இல்லாத சாக்கடைக்குப் பயம். அது ஒன்றுதான் நியாயமான பயம். பரீட்சைக்கு முந்தின நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். போய் முதல் மார்க் வாங்கிக்கொண்டு வருவாள். வந்த கையோடு அடுத்த பரீட்சைக்குப் பயப்பட ஆரம்பித்துவிடுவாள்.

வகுப்பில் நாங்கள் அவளுக்கு வைத்த பேர் சென்சஸ். எதைக் கண்டாலும் எண்ணுவாள். விடுதி வாசலிலிருந்து வகுப்புக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி, மாடிக்கு இருபத்தாறு படி, பேராசிரியர் ஒரு வகுப்பில் "அதாவது" என்று சொல்வது சராசரியாக முப்பத்தொரு தடவை. எனக்கு அவள் வைத்த பேர் மிளகாய். காரணம் போகப் போகத் தெரியும்.

பொது சுகாதாரம் படிக்க ஏன் வந்தாய் என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு கண்ணீர்க் கதை வரப்போகிறது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். "மார்க் இருந்துச்சு, சீட்டு கிடைச்சுது" என்று சொல்லி அவர்களைக் கவிழ்த்துவிடுவாள். உண்மையான காரணம் அவள் அப்பா. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுக்கிறவர். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து அன்றைக்கு எடுத்த எண்களை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார். பிறவியிலேயே பார்வை இல்லாத மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பத்து வயதில் ஒருநாள், "அப்பா, அந்த மூலை வீட்டுல ரெண்டு மாசமா தண்ணி டபுளா ஓடுது. ஒண்ணு குழாய் உடைஞ்சிருக்கு, இல்ல ஆள் கூடியிருக்கு" என்றாளாம். போய்ப் பார்த்தால் தரைக்கடியில் குழாய் உடைந்து ஓடிக்கொண்டிருந்ததாம். "எண்ணை வெச்சே வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடலாம்டி" என்பாள் என்னிடம். இந்தப் படிப்பில் அவளுக்கு இருந்த ருசி அதுதான்.

அம்மா துணிக்கடை ஒன்றில் தைத்த உடுப்புகளைத் திருத்திக் கொடுக்கிறவர். பயம் அந்த வீட்டில் பரம்பரைச் சொத்து. ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் வரும். ஒவ்வொரு தடவையும் வைக்கும்போது "பார்த்துப் போம்மா" என்பார். "சரிம்மா, பார்த்தே போறேன்" என்று இவள் அடக்க ஒடுக்கமாகச் சொல்வாள். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இத்தனை பயத்துக்கும் அடியில் ஒரு பெரிய பயம் இருந்தது. அதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். "நான் செஞ்ச தப்பு எனக்கே தெரியாமப் போய், அதுல யாராவது செத்துப் போயிட்டா என்னடி பண்றது?" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று அதட்டிப் படுக்க வைத்தேன்.

கடைசிப் பருவத்தில் களப்பணி வந்தது. நகரத்தின் ஓரத்தில் ஒரு குடியிருப்பில் மஞ்சள் காமாலை பரவிக்கொண்டிருந்தது. குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் எங்கோ தரைக்கடியில் கை கோத்துக்கொண்டிருந்தன. எங்கள் வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து அங்கே இருந்த சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். சென்சஸை அனுப்ப மட்டும் பேராசிரியர் ஒரு வாரம் யோசித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

"அனுப்பறேன்" என்றார் கடைசியில். "ஆனா அங்கேருந்து ஒரு புகார் வந்தாலும் திருப்பிக் கூப்பிட்டுடுவேன். அதாவது, உனக்கு மட்டுமில்ல. உனக்குப் பின்னாடி உன்னை மாதிரி யார் வந்தாலும் அவங்களுக்காக நான் வாதாட முடியாமப் போயிடும்."

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். "நீ தப்பு பண்ணா மிளகாய் தப்பு பண்ணாள்னு எழுதுவாங்க. நான் பண்ணா கண்ணு தெரியாதவங்க தப்பு பண்ணுவாங்கன்னு எழுதுவாங்க" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா குள்ளமாக, சளி பிடித்த குரலோடு, எப்போதும் நின்றுகொண்டே சாப்பிடுகிறவர். முதல் நாள் எங்களை வட்டமாக நிற்க வைத்துச் சொன்னார்: "இந்தக் காமாலை தண்ணியில வர்றது. பெரும்பாலானவங்க ஒரு மாசம் படுத்து எழுந்திருப்பாங்க. வயித்துல பிள்ளையோட இருக்கறவங்களுக்கு, அதுவும் கடைசி மூணு மாசத்துல வந்தா, உயிருக்கே ஆபத்து. அப்படி யாருக்காவது காய்ச்சல், வாந்தின்னா ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்க்கணும். கண்ணுல மஞ்சள் ஏறினாலோ, ஓயாம தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது."

எங்களுக்குக் கிடைத்தது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த இரண்டு தெருக்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். முதல் தெருவில் முப்பத்துநான்கு கதவு, எல்லாம் ஒரே வரிசையில். கேள்வி கேட்பது அவள் வேலை, கண்ணைப் பார்ப்பது என் வேலை. அவள் கேட்கிற விதமே தனி. யாரும் அவளிடம் பொய் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவள் அவசரப்பட மாட்டாள். ஒரு வீட்டில் ஒரு பெரியவர், "எங்க கண்ணைப் பார்க்க ஆளு அனுப்பறவங்க, கண்ணு தெரியிற ஆளா அனுப்பக் கூடாதா?" என்று கேட்டார். "ரெண்டு பேரா வந்திருக்கோம் ஐயா, எனக்கு வாய், இவளுக்குக் கண்ணு. இவ வாயைத் திறந்தா நீங்க தாங்க மாட்டீங்க" என்றாள். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

மற்ற ஜோடிகள் பார்த்து முடித்த வீட்டுக் கதவில் சாக்குக்கட்டியால் குறி போட்டார்கள். சாக்குக்கட்டி இவள் விரலுக்குத் தட்டுப்படாது. அதனால் நான் மருந்துக்கடையில் துணிப் பிளாஸ்திரி ஒரு சுருள் வாங்கினேன். இடது பக்க நிலையில், இடுப்பு உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பட்டை ஒட்டினால் பார்த்தாயிற்று, யாருக்கும் ஒன்றுமில்லை. இரண்டு பட்டை என்றால் உள்ளே நோயாளி இருக்கிறார், திரும்பி வர வேண்டும். யோசனை என்னுடையது. அதைச் சொல்லிக்கொண்டு அப்போது நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்து மூன்றாவது வீட்டுக்கு இரண்டாம் நாள் போனோம். மாமியார், மகன், மருமகள். மகன் குளிர்பதனக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவன், விடிந்ததும் போனால் சாயங்காலம்தான் வருவான். மருமகளுக்கு எட்டு மாதம். இரண்டு நாளாக லேசான காய்ச்சல், குமட்டல். கண்ணில் மஞ்சள் இல்லை. தலைமாட்டில் சீப்பும் சின்னக் கண்ணாடியும் வைத்திருந்தாள். கலகலவென்று பேசுகிற பெண். "தொட்டுப் பாரு, இப்ப உதைக்கும்" என்று சென்சஸின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே உதைத்ததும் இவள் ஷாக் அடித்த மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி, நாளை மறுநாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, நிலையில் இரண்டு பட்டை ஒட்டினேன்.

முதல் தெருவில் மொத்தம் பதினொரு இரண்டு பட்டை வீடுகள். நாலாம் நாள் சென்சஸ் ஒரு காரியம் செய்தாள். "நீ ரெண்டாவது தெருவுக்குப் போ. இதை நான் தனியாவே பார்த்துக்கறேன். கண்ணு மஞ்சளான்னு வீட்டுல இருக்கறவங்களையே பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கறேன், சந்தேகம்னா உன்னைக் கூப்பிடறேன்" என்றாள். நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். கோலைத் தட்டிக்கொண்டு போகிறாள், நிலையைத் தடவுகிறாள், ஒரு பட்டை என்றால் நகர்கிறாள், இரண்டு என்றால் கதவைத் தட்டுகிறாள். யாருடைய முழங்கையையும் பிடிக்காமல் அவள் வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டு போனாள். ஆறாம் நாளும் அப்படியே. வேலை பாதி நேரத்தில் முடிந்தது. டாக்டரம்மா "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

ஏழாம் நாள் காலையில் டாக்டரம்மா எல்லா ஜோடிகளிடமும் கர்ப்பிணிகளின் பட்டியலை மட்டும் தனியாகக் கேட்டார். சுகாதார நிலையத்தின் பின்னறையில், தடுப்பூசிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சென்சஸ் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மடிக்கணினியில் தேடினாள். திரையில் இருப்பதை அது படித்துச் சொல்லும். அந்தக் குரலுக்கு நாங்கள் வைத்த பேர் செய்திக்காரி. இடி விழுந்தாலும் ஒரே ராகத்தில் வாசிக்கும். நான் டீ டம்ளரோடு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அவள் முகம் திடீரென்று வெளிறியது. ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதை நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள். "வீடு இருபத்து மூன்று. கர்ப்பம், எட்டு மாதம். காய்ச்சல், குமட்டல். நாலாம் நாள், காலி. ஆறாம் நாள், காலி" என்றாள் செய்திக்காரி.

"பதிவு பண்ண மறந்திருப்படி" என்றேன்.

"குரல் பதிவு இருக்கும்ல" என்று போனை எடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் பேசியதை அவள் பதிவு செய்து வைப்பது வழக்கம். நாலாம் நாளுக்குப் பத்துப் பதிவு இருந்தது. ஆறாம் நாளுக்கும் பத்து. பதினொன்று இருக்க வேண்டும்.

"ஒரு பட்டைதான் இருந்துச்சு" என்றாள். "அந்த நிலையைத் தடவினது ஞாபகம் இருக்கு. ஒண்ணுதான் இருந்துச்சு. நகர்ந்துட்டேன்." அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் எண்ணலடி. பத்து வருதா பதினொண்ணு வருதான்னு எண்ணவே இல்ல. சந்தோஷமா இருந்துச்சு, அதுல எண்ணாம விட்டுட்டேன்."

ஐந்து நாளாக அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பயம் வந்தால் புத்தி குறுக்கு வழியில்தான் போகும். கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் காதருகே குனிந்து சொன்னேன்: "கேளு. இப்பவே ரெண்டு பேரும் ஓடிப்போய்ப் பார்ப்போம். நல்லா இருந்தா அந்த ரெண்டு காலியையும் நிரப்பிடலாம். யாருக்கும் தெரியாது. காய்ச்சல் விட்டிருக்கும், பாரு."

அவள் ஆசைப்பட்டாள், அது முகத்தில் தெரிந்தது. பேராசிரியர் சொன்னது எனக்கே காதில் ஒலித்தது என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

"நடந்து போக இருபது நிமிஷம். போய்ப் பார்த்து, நல்லா இல்லன்னா அங்கேருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா அது வர இன்னொரு இருபது, மொத்தம் நாற்பது நிமிஷம்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் கணக்கு நடுங்கவில்லை. "இப்பவே சொன்னா இருபது நிமிஷம் மிச்சம். நல்லா இருந்தா எனக்கு மட்டும்தான் நஷ்டம். எனக்கு ரொம்பப் பயமா இருக்குடி. எழுந்திருக்க முடியல, கொஞ்சம் தூக்கிவிடு."

தூக்கிவிட்டேன். முன்னறையில் டாக்டரம்மா நர்சுகளோடும் எங்கள் வகுப்புக்காரர்கள் ஆறு பேரோடும் பேசிக்கொண்டிருந்தார். சென்சஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், முதல் தெரு, இருபத்து மூணாவது வீடு. எட்டு மாச கர்ப்பிணி. காய்ச்சல், குமட்டல்னு ரெண்டாம் நாள் பதிவு பண்ணினோம். அதுக்கப்புறம் நான் போய்ப் பார்க்கல. பார்த்துட்டதா நெனச்சுட்டேன். தப்பு என்னுது. ஆம்புலன்ஸ் அனுப்பணும்."

"இப்ப எப்படி இருக்கா?"

"தெரியாது மேடம். தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிட்டா நேரம் போயிடும்."

டாக்டரம்மா அவளை ஒருதரம் பார்த்தார். திட்டுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் போனை எடுத்துத் தெருவையும் வீட்டு எண்ணையும் சொன்னார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஜீப்புல ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார்.

அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு கடைவீதி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரயில்வே கேட். கேட்டு மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. சென்சஸ் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணினாள், நாற்பத்தேழு. வாயோரம் எச்சில் வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் துடைத்துவிட்டேன்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. டாக்டரம்மா தட்டினார். மாமியார் திறந்ததும் அவரைத் தள்ளாத குறையாக உள்ளே போனார். நான் நிலையைப் பார்த்தேன். ஒரு பட்டை இருந்தது. அதற்குக் கீழே விரல் நீளத்துக்குப் பெயிண்ட் வெளுத்து, பசை மட்டும் அழுக்குப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

"யார் பிச்சது?" என்று கத்தினேன். மிளகாய் என்று சும்மாவா சொன்னார்கள்!

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "நான்தான். ரெண்டு பட்டை இருந்தா வியாதி வீடுன்னு தெரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. குழாயடியில எங்க குடத்தைத் தள்ளி வெச்சாங்க. பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனா. வாடகைக்கு விட்டவரு வந்து ஒருமாதிரிப் பேசிட்டுப் போனாரு. ஒண்ணைக் கழட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன்." அவர் சென்சஸைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். "நீ ரெண்டு தடவை வந்தே. கதவுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ தடவிப் பார்த்துட்டுப் போனதும் அப்பாடான்னு இருந்துச்சு. அன்னைக்கு அவளுக்குக் கண்ணுல லேசாத்தான் இருந்துச்சும்மா. லேசாத்தான்."

சென்சஸின் விரலுக்கு மட்டும் என்று ஒட்டிய பட்டையைத் தெருவே படித்திருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

உள்ளே அந்தப் பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்தது. டாக்டரம்மா பேர் கேட்டார். பதில் வர நேரம் ஆயிற்று, வந்ததும் வேறு யாருடைய பேரோ. "எவ்வளவு நேரமா இப்படி?" என்று கேட்டதற்கு மாமியார் அழுதுகொண்டே, காலையிலிருந்து எழுப்ப எழுப்பத் தூங்குகிறாள், அசதி என்று நினைத்தேன் என்றார். அதற்குள் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. நாங்கள் நடந்து வந்திருந்தால் அப்போதுதான் தெருமுனையைத் தொட்டிருப்போம்.

அடுத்த நாலு நாள் சென்சஸ் சாப்பிட்டது நினைவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறதா என்று டாக்டரம்மாவின் மேசை ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு போன் மணிக்கும் உடம்பு தூக்கிப் போடும். இரண்டாம் நாள் குழந்தை இறந்து பிறந்தது. பெண் குழந்தை. தாய்க்கு நினைவு வரவில்லை. சென்சஸின் அம்மா போன் செய்தபோது அவள் பேசவே முடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டாள். நான், சளி பிடித்திருக்கிறது அம்மா என்று புளுகினேன். நாலாம் நாள் மத்தியானம் போன் வந்தது. டாக்டரம்மா கேட்டுவிட்டு வைத்தார். "முழிச்சுட்டா. தண்ணி கேட்டாளாம். பிழைச்சுக்குவா" என்றார்.

சென்சஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "நாலாம் நாளே நான் உள்ள போயிருந்தா குழந்தை பிழைச்சிருக்குமா மேடம்?" என்று கேட்டாள்.

"தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

"அதுதான் மேடம் பயமா இருக்கு."

டாக்டரம்மா நடந்ததை அறிக்கையாக எழுதித் தரச் சொன்னார். ஒரு பிரதி பேராசிரியருக்குப் போகும். விடுதி அறையில் உட்கார்ந்து அவள் எழுத ஆரம்பித்தாள். நான் கட்டிலில் இருந்தபடி, "அந்த மாமியாரை நல்லா எழுது. பட்டையைப் பிச்சது அவங்க. கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நின்னது அவங்க. உன் தலையை ஏன் நீயே கொண்டுபோய் நீட்டறே?" என்று பொரிந்து தள்ளினேன்.

தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "அதை ஒட்டினது நாமதான்டி" என்றாள். என் பேரையும் போடு என்று மட்டும் சொன்னேன். போட்டாள்.

பேராசிரியர் அறிக்கையைப் படித்துவிட்டு இரண்டு நாள் எங்களைக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் கூப்பிட்டு, "அதாவது, அந்தத் தெருவுல ஒட்டின எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு, முப்பத்துநாலு கதவையும் தட்டி முதல்லேருந்து கேட்டுட்டு வாங்க. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. வரும் என்று அவள் தினமும் பயந்துகொண்டிருக்கிறாள்.

தட்டினோம். அப்போதுதான் ஆறாம் நாளுக்கப்புறம் இன்னும் இரண்டு வீட்டில் பட்டை குறைந்திருப்பது தெரிந்தது. ஒரு வீட்டில் ஒன்று இரண்டாகியிருந்தது. பக்கத்து வீட்டோடு குப்பைத்தொட்டிச் சண்டையாம். சிரிக்கக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. அந்தக் குறைந்த இரண்டு வீட்டிலும் நல்லவேளையாக எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் சென்சஸ் ஒவ்வொரு கதவையும் தட்டுகிறாள். திறக்கும்வரை நகர மாட்டாள். வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்கிறது.

மூன்று வாரம் கழித்து இருபத்து மூன்றாவது வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கடைசிப் பதிவை முடிக்க வேண்டும். தெருமுனையிலேயே சென்சஸ் நின்றுவிட்டாள்.

"நீ மட்டும் போய்ட்டு வர்றியா?" என்றாள்.

"மாட்டேன்" என்றேன். அவளுக்கும் அது தெரியும்.

கதவைத் தட்டியதும் மாமியார் வந்தார். எங்களைப் பார்த்ததும் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார். மூன்று வாரத்தில் பாதி ஆளாகியிருந்தார். சென்சஸின் கையைப் பிடித்து, காதோடு காதாகக் கேட்டார்: "நான் கழட்டினதை எழுதிட்டியாம்மா? என் பையனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டான்."

"இல்லம்மா" என்றாள் சென்சஸ். "யாரு வேணா எடுத்துடக்கூடிய ஒரு அடையாளத்தை நான் நம்பினேன்னு எழுதினேன். கதவைத் தட்டியிருக்கணும், தட்டலன்னு எழுதினேன்."

அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையைக் கடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"யாரு அத்தை?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பழைய கலகலப்பு அதில் இல்லை.

"அந்தப் படிக்கிற பொண்ணுங்கதான்" என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

உள்ளே போனோம். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் இறங்கி, முகம் சிறுத்துப் போயிருந்தது. சென்சஸ் கோலை மடிக்காமல், உட்காராமல், என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் குச்சிச் சத்தம் எனக்கு நல்லா அடையாளம் தெரியும்" என்றாள் அந்தப் பெண். குறை சொல்கிற குரல் இல்லை அது. "அன்னைக்கும் கேட்டுச்சு. வர்றேன்னு சொல்லிட்டுப் போனியே, வந்துட்டியாக்கும்னு நெனச்சு எழுந்து உட்கார்ந்து தலையெல்லாம் வாரிக்கிட்டேன். அப்புறம் சத்தம் அடுத்த வீட்டுப் பக்கம் போயிடுச்சு."

சென்சஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் சென்சஸ் கையை நீட்டித் தேடி அவள் பாதத்தைத் தொட்டு, அங்கேயே கையை வைத்துக்கொண்டு, பட்டியலில் இருக்கிற முதல் கேள்வியைக் கேட்டாள்.

"இப்ப சாப்பாடு இறங்குதாக்கா?"